டிக்கியில் மூன்று மூட்டை

எங்கள் ஊரில், வந்து நிற்கும் ஆளிடம் "வராதீங்க" என்று சொல்லும் பழக்கம் கிடையாது. சண்டை போட வந்தவனைக்கூட உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அவன் குடித்து முடித்த பிறகுதான் பதிலுக்குத் திட்டுவோம். தொற்றுநோய் வந்த வருடம் இந்த நல்ல குணம் எங்களைப் படாத பாடு படுத்திவிட்டது.

ஊருக்குப் பின்னால் ஒரு குன்று உண்டு. விடிகாலையில் ஏறினால் மேகம் காலுக்குக் கீழே கிடக்கும். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் எடுத்து உலகத்துக்கெல்லாம் அனுப்பியிருந்தான். நகரத்தில் நோய் முற்ற முற்ற, வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது. கார் காராக வந்தார்கள். எங்கள் ஊரிலோ பாதிப் பேருக்கு நரைத்த தலை, மீதிப் பேருக்குத் தலையே வழுக்கை. டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் அரைநாள் பஸ்ஸில் போகவேண்டும், அந்த பஸ்ஸும் நின்றுபோயிருந்தது.

ஊர்க்குழுவுக்குத் தலைவி பால்பண்ணைக்காரி. என் மகள் வயது. என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே வேலை வாங்குவாள். முதலில் அவள் ஒரு பலகை எழுதி வைத்தாள்: 'எல்லாம் சரியானதும் அவசியம் வாருங்கள்.' முதலில் வந்த கார்க்காரர் அதை நிதானமாகப் படித்துவிட்டு, "எங்களுக்கு எல்லாம் சரியாத்தாங்க இருக்கு" என்று சொல்லி உள்ளே போனார். அடுத்து வந்தவர்கள் பலகையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பலகையைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக்கினோம். அந்த வகையில் அது நன்றாகவே உழைத்தது.

"பெரியப்பா, இனி நீங்கதான் ஊர் முகப்பைப் பாத்துக்கணும்" என்றாள் பால்பண்ணைக்காரி.

"எனக்கு யாரையும் விரட்டிப் பழக்கமில்லையேம்மா."

"விரட்ட வேணாம். வழக்கம்போலப் பேசிக்கிட்டு இருங்க. வந்தவங்க தானா போயிடுவாங்க."

இது பாராட்டா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உட்கார இடம் தேடவேண்டி இருக்கவில்லை. ஊர் முகப்பில் இருக்கும் எடைமேடை என் பொறுப்பில்தான் இருக்கிறது. உருளைக்கிழங்கு லாரிகள் காலியாக வரும்போது ஒரு முறை, பாரம் ஏற்றிப் போகும்போது ஒரு முறை, சாலையில் பதித்த இரும்புத் தட்டின் மேல் நின்று எடை காட்டிவிட்டுப் போகும். தட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே நான், ஒரு நாற்காலி, சிவப்பு எண்கள் ஓடும் ஒரு பெட்டி. தட்டுக்கு வெளிப்பக்கம் லாரி டிரைவர்கள் படுத்து எழும் ஓர் அறை. உள்பக்கம் புதிதாக ஒரு மூங்கில் தடுப்பு. காரோ லாரியோ, தட்டைத் தாண்டாமல் எவரும் ஊருக்குள் போகமுடியாது.

ஒரு கார் வந்து நிற்கும். நான் ஜன்னலைத் திறந்து, "வாங்க வாங்க" என்பேன். பழக்கம் விடாதே.

"மேகம் பாக்கணும்னு வந்தோம், ஐயா."

"தாராளமா பாருங்க. மேலே போனா நிறைய இருக்கு. இந்த வருஷம் கொஞ்சம் கெட்டியா இறங்குது, அவ்வளவுதான். போன வாரம் ஒரு பசு உள்ளே போச்சு. சாயங்காலம் பால் மட்டும் வந்து சேந்துச்சு. பசுவை இன்னும் தேடிக்கிட்டு இருக்கோம்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்போதும் நகரவில்லை என்றால் கொசுவைப் பற்றிச் சொல்வேன். எங்கள் ஊர்க் கொசு தட்டின் மேல் வந்து நிற்கும் என்பேன். ஒரு கொசு நின்றால் எண் அசையாது, மிகைப்படுத்திச் சொல்லக்கூடாது, இரண்டு சேர்ந்து நின்றால்தான் அசையும். எதிரொலி கேட்க வந்தவர்களுக்கு வேறு கதை. "இங்க எதிரொலி மறுநாள்தாங்க வரும். ஒருத்தர் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. அடுத்த நாள் காலையில 'யாரது'ன்னு கேட்டுச்சு. மனுஷன் அன்னிக்கே ஊருக்குப் போயிட்டாரு."

முகம் மாறாமல் சொல்வேன். பெரும்பாலும், கிறுக்குக் கிழவனிடம் மாட்டிக்கொண்டோம் என்று திரும்பிவிடுவார்கள். வேலை நடந்தால் சரி.

இப்படி ஊரைக் காத்துக்கொண்டிருந்தபோதுதான், ஒரு முற்பகலில், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நீலக் கார் வந்து தட்டில் ஏறி நின்றது. என் சம்பந்தி.

என் மகளும் அவர் மகனும் கடல் தாண்டி வேலை பார்க்கிறார்கள். சம்பந்தி நகரத்தில் ஓர் அடுக்குமாடியில் மூன்றாவது தளத்தில் இருக்கிறார். ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கதை விடுவதில் என்னை ஒரு கையால் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவார். தன் நிலையத்தில் ஒரு ரயில் தாமதமாக வந்ததற்கு வெட்கப்பட்டு, மறுநாள் புறப்படுவதற்கு முன்பே வந்துவிட்டது என்று கல்யாணப் பந்தலில் வைத்து என்னிடமே சொன்னவர். அன்றே முடிவு செய்தேன், பெண்ணைச் சரியான இடத்தில்தான் கொடுத்திருக்கிறேன் என்று.

"வாங்க சம்பந்தி" என்றேன். மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டேன்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் சம்பந்தி. உங்களைப் பாத்து ரொம்ப நாளாச்சு. ஒரு வாரம், பத்து நாள் இருந்துட்டுப் போகலாமான்னு."

"அதுக்கென்ன, தாராளமா. ஆனா பாருங்க, இந்த வருஷம் மேகம்..."

"பசு கதைதானே? போன கார்த்திகை தீபத்துக்கு எருமைன்னு சொன்னீங்க."

ஆள் அசரவில்லை. கொசுவை எடுத்தேன். "எங்க மாடியில கொசு லிஃப்ட்லதான் ஏறும்" என்றார். எதிரொலியை எடுக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

"உங்களுக்குச் சிரமம் கொடுக்க வரலை" என்றார் அவராகவே. "டிக்கியில மூணு மூட்டை அரிசி இருக்கு. பருப்பு, எண்ணெய், சோப்பு, எல்லாம் கொண்டாந்திருக்கேன். உங்க வீட்டுல தங்கச்சிக்கு அடுப்பு மூட்டுற வேலைகூட இருக்காது. அடுப்பும் டிக்கியிலதான் இருக்கு."

பழக்க தோஷம், என் கண் பெட்டிப் பக்கம் போனது.

அந்தக் காரின் எடை எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு விடுமுறைக்கும் தட்டில் ஏறித்தான் வருவார்கள். புருஷன், பெண்டாட்டி, பழக்கூடை, துணிப்பெட்டி, எங்களுக்கென்று வாங்கிய சாமான்கள். சம்பந்தியம்மா இறந்தபிறகு எண் ஒரு முறை இறங்கியது. அதைப் பற்றி நான் அவரிடம் பேசியதில்லை. அதற்குப் பிறகு எப்போதும் அதே எண்தான்.

இன்று அதைவிடவும் குறைந்திருந்தது. மூன்று மூட்டை அரிசி ஏறியிருந்தால் கூடியிருக்கவேண்டும். துணிப்பெட்டிகூட இல்லாத எடை அது. போதாததற்கு ஆளும் இளைத்திருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றுகொண்டிருந்தது.

கதை சொல்கிறவனுக்குப் பெட்டியின் எண்ணைப் போல எதிரி கிடையாது. அது அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. டிக்கியைத் திறங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு மனசு வரவில்லை.

"உங்க மாடியில எல்லாரும் சௌக்கியமா?" என்றேன்.

"அமைதியா இருக்கு சம்பந்தி. அவ்வளவு அமைதி. ஆள் இல்லாம லிஃப்டுக்கே பொழுது போகலை. தானா மேலே போகுது, கீழே வருது. எதிர் வீட்டுக்காரரு நல்ல மனுஷன். செவ்வாய்க்கிழமை அவரைக் கொண்டுபோனாங்க. அதுக்கப்புறம் என் கதவுக்கும் சேத்து ஒரு கயிறு கட்டிட்டாங்க. தெரியாம கட்டிட்டாங்க போல. நான் கயிறைத் தாண்டி வந்தேன். இந்த வயசுல இவ்வளவு உயரம் தாண்டுவேன்னு எனக்கே தெரியாது."

இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் போனை எடுத்துப் பால்பண்ணைக்காரியைக் கூப்பிட்டேன்.

அவள் கையில் பால் வாடையோடு வந்தாள். கூடவே தையல்காரர். ஊருக்கெல்லாம் மாஸ்க் தைத்துக் கொடுத்தவர் அவர்தான். மிச்சத் துணியில் தைத்ததால், பால்பண்ணைக்காரியின் முகத்தில் பூவும் அவர் முகத்தில் கோடு போட்ட பைஜாமாவும் இருந்தன. இரண்டு பேரும் தடுப்புக்கு உள்பக்கம் நின்றார்கள். சம்பந்தி கார் கண்ணாடியைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு, எதையும் கேட்காதவர்போல ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டிரைவர் ரூம் சும்மாதான் கிடக்கு" என்றேன். "ரெண்டு வாரம் அங்க இருக்கட்டும். அப்புறம் உள்ளே விடலாம்."

"யாரையும் விடுறதில்லைன்னுதானே பேச்சு, அண்ணே?" என்றார் தையல்காரர். "போன வாரம் என் தங்கச்சி மகன் வந்தான். இதே இடத்துல நின்னான். நான்தான் திருப்பி அனுப்பினேன். அவ இன்னும் என்கிட்ட பேசலை. உங்க சம்பந்தின்னா மட்டும் தடுப்பு தூக்குமா?"

நியாயமான கேள்வி.

"அவரு போக்கிடம் இல்லாம வந்திருக்காரு" என்றேன். "வண்டி காலி. மாத்துத் துணிகூட இல்லை."

"கதை விடாதீங்க" என்றார் தையல்காரர். பால்பண்ணைக்காரியும் என்னை அப்படித்தான் பார்த்தாள். அத்தனை நாள் பசுவையும் கொசுவையும் கேட்டுச் சிரித்தவர்கள். ஒரே ஒரு நிஜத்தைச் சொல்ல வாய் திறந்தால், அதற்கும் சிரிக்கத் தயாராக இருக்கிறார்கள்.

காருக்குள்ளிருந்து கோபமான குரல் வந்தது. "யாரு சொன்னது காலின்னு? மூணு மூட்டை இருக்கு. சம்பந்தி விளையாடுறாரு."

"அப்போ டிக்கியைத் திறங்க சார்" என்றார் தையல்காரர். "பாத்துட்டா பேச்சு முடிஞ்சுது."

சம்பந்தி சாவியைத் தேடினார். சட்டைப்பையில் தேடினார், இருக்கைக்கு அடியில் தேடினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, சாவி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தவிர எல்லா இடத்திலும் தேடினார்.

யாரும் அந்தச் சாவியைச் சுட்டிக்காட்டவில்லை. தையல்காரர் தன் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார்.

"மாமா" என்றாள் பால்பண்ணைக்காரி. "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பலமான சாப்பாடும்மா. ரெண்டு நாளைக்குத் தாங்கும்."

"எப்போ சாப்பிட்டது?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "அதுவும் ரெண்டு நாளாச்சு" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. தையல்காரரிடம் மெதுவாகக் கேட்டாள். "என்ன சித்தப்பா?"

தையல்காரர் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். "இவரு ரெண்டு வாரம் முடிச்சதும் என் தங்கச்சி மகன் வருவான்" என்றார். "அதே ரூம். அதே கணக்கு. யாரும் மூச்சு விடக்கூடாது."

"வரட்டும். அப்புறம் யாரோட ஆள் வந்தாலும் இதே வழிதான்."

"சரி. என்கிட்ட வெட்டாத துணி இருக்கு. நாலு முழம் கொண்டாறேன். போர்த்திக்க ஆகும்." போகும்போது கார் பக்கம் குனிந்து சொன்னார். "மூட்டையைப் பத்திரமா வச்சுக்குங்க சார். இங்க எலி ஜாஸ்தி."

சம்பந்தி வண்டியைத் தட்டை ஒட்டி ஓரமாக நிறுத்தினார். அன்று மதியம் என் வீட்டுக்காரி சாப்பாட்டுத் தூக்கைத் தட்டின் நடுவில் வைத்துவிட்டுப் பின்னால் வந்து நின்றாள். "அண்ணே, நாலு பேருக்கு வச்சிருக்கேன். மிச்சம் வச்சீங்கன்னா சமையல் நல்லாயில்லைன்னு எடுத்துக்குவேன்" என்றாள்.

மிச்சம் வரவில்லை.

அந்த இரண்டு வாரமும் சம்பந்தி டிரைவர் அறை வாசலில், தையல்காரரின் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஜன்னலில் நான், எதிர்ப்பக்கம் கட்டிலில் அவர். கார் வந்து நின்றால் நான் "வாங்க வாங்க" என்று தொண்டையைச் செருமுவதற்குள் அவர்களே அவரிடம் கேட்பார்கள். "ஐயா, உள்ளே விடுவாங்களா?"

"விடுவாங்க. நான் இவருக்கு சம்பந்தி. பொண்ணு எடுத்த சம்பந்தி. என்னையே இங்க உக்கார வச்சிருக்காங்க. அடுத்த கட்டில் தையல்காரரோட தங்கச்சி மகனுக்கு. அதுக்கடுத்தது வேணும்னா உங்க பேரைச் சொல்றேன்."

ஒரு வண்டிகூட நிற்கவில்லை. என் கதைகளெல்லாம் செய்யாத வேலையை அவருடைய நிஜம் செய்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது.

இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. கடைசிநாள் காலையில் பால்பண்ணைக்காரி வந்து தடுப்பைத் தூக்கிவிட்டாள். "வண்டியை எடுத்துக்கிட்டு வாங்க மாமா" என்றாள்.

சம்பந்தி முகத்தை மழித்து, தலை வாரி, அதிகாரிபோலக் காரில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு முறை முனகியது, பிறகு அதுவும் இல்லை. நின்ற இடத்திலேயே இத்தனை நாள் நின்றதில் பேட்டரி செத்துப்போயிருந்தது.

"தள்ளிடலாம்" என்றார் தையல்காரர். அவர் குரல் கொடுத்ததும் ஆட்கள் வந்தார்கள். கிழங்கு மூட்டை தூக்குகிறவர்கள், முடிவெட்டுகிறவர், பள்ளிக்கூட மணி அடிக்கிறவர், கடைசியில் என் வீட்டுக்காரியும். மாதக்கணக்கில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிய கைகளெல்லாம் ஒரு வண்டியின் முதுகில் போய் ஒட்டிக்கொண்டன. நானும் போய் ஓரமாகக் கை வைத்தேன். என் பங்கு பெரும்பாலும் குரல்தான்.

தள்ளினோம். வண்டி அசையவில்லை. மூச்சைப் பிடித்து மறுபடி தள்ளினோம். ஒரு விரல்கடை நகரவில்லை. "மூணு மூட்டை இருக்குன்னு சொன்னாரே, நம்பினீங்களா?" என்றார் முடிவெட்டுகிறவர்.

பால்பண்ணைக்காரி முன்பக்கம் போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். சம்பந்தி இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேரே சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மாமா, பிரேக்குல இருந்து காலை எடுங்க."

"எடுத்தா வண்டி உள்ளே போயிடுமேம்மா."

"அதுக்குத்தான் தள்றோம்."

அவர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். எங்கள் எல்லாருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நிலையத்தில் ரயிலை அனுப்புவதற்கு முன் அப்படித்தான் பார்த்திருப்பார் போல. பிறகு காலை எடுத்தார். சொல்லாமல் எடுத்துவிட்டார், மனுஷன். முழு பலத்தையும் கொடுத்துச் சாய்ந்திருந்த தையல்காரர் அப்படியே தட்டின் மேல் குப்புற விழுந்தார்.