நனையாத கட்டு

பிளஸ் ஒன் நர்சிங் பிரிவில் பாதி வருஷம் ரப்பர் பொம்மைக்குக் கட்டுப் போட்டே ஓடிவிட்டது. பொம்மைக்குச் சீழும் வராது, வலியும் தெரியாது. அதனால் விஜிலா டீச்சர் உப்பளத்துக்கே போய், காலில் புண் இருப்பவர்கள் பள்ளிக்கு வந்தால் பிள்ளைகளை வைத்து மருந்து போட்டு விடுவதாகச் சொல்லி வந்தார்.

அதை நம்பி வந்தவர்களில் வடிவம்மாளும் ஒருத்தி. மகள் ஐஸ்வர்யா படிக்கிற வகுப்பு என்பதால் துவைத்த சேலையைக் கட்டிக்கொண்டு, வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றாள்.

ஐஸ்வர்யாவோ அம்மாவுக்குச் சாகுபுரம் கெமிக்கல் கம்பெனியில் ஆபீஸ் வேலை என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மருந்துத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அது அவள் அம்மா என்று தெரியாமல், வடிவம்மாளுக்குக் கட்டுப் போட டீச்சர் முதலில் கூப்பிட்டது அவளைத்தான்.

கட்டுப் போடுமுன் நோயாளியிடம் பேர் கேட்க வேண்டும். அதுதான் பாடம்.

"உங்க பேரென்னம்மா?"

வடிவம்மாள் மகளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு அடங்கியது.

"வடிவம்மாள். அளத்துல உப்பு வாருதேன்."

எப்போதிலிருந்து வலி என்றதற்கு ஆடியிலிருந்து என்றாள். வீட்டில் யாரிடமும் காட்டவில்லையா என்று டீச்சர் குறுக்கே கேட்டார்.

"ஒரு பொம்பளப் புள்ள இருக்கு டீச்சர். அதுக்குப் படிக்கவே நேரம் காணல. அதுட்டப் போயி கால நீட்டிக்கிட்டா இருக்க முடியும்?"

ஒரே வீட்டில் படுத்து எழுந்தும் ஐஸ்வர்யா அந்தப் புண்ணைப் பார்த்ததில்லை. பஸ்ஸுக்கு மெதுவாக நடக்கிறாள் என்று அம்மா மேல் எரிந்து விழுந்ததுதான் உண்டு. உப்பு அரித்த குழிக்குள் சதை வெளுத்துக் கிடந்தது. கழுவித் துடைத்து மருந்து வைத்துக் கட்டினாள். கடைசியாகச் சொல்ல வேண்டியதையும் விடாமல் சொன்னாள்.

"கட்டு நனையக் கூடாதும்மா."

"சரி தாயி."

இப்படித்தான் செய்ய வேண்டும் என்று டீச்சர் மற்றவர்களிடம் மெச்சினார்.

ராத்திரி அம்மா ஏசுவாள் என்று காத்திருந்தாள். அம்மா ஏசவில்லை. "நர்சம்மாவுக்குச் சோறு போதுமா?" என்று மட்டும் கேட்டாள். நாளைக்கே வகுப்பில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீ புண் ஆறும் வரை வேலைக்குப் போகாதே என்று சொல்ல ஐஸ்வர்யா வாயெடுத்தாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள்.

காலையில் வடிவம்மாள் கட்டை அவிழ்த்து, துணி கசங்காமல் சுருட்டி, பாலித்தீன் கவருக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அவுக்க?"

"நீதான ஏளா சொன்ன, கட்டு நனையக் கூடாதுன்னு. சாயந்தரம் வந்து கட்டிக்கிடுதேன்."

தெருமுனையில் அளத்து வேன் ஹார்ன் அடித்தது. கவரை மகள் கையில் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். ஐஸ்வர்யா வாசல் வரைக்கும் பின்னாலேயே போனாள். வேனில் ஏறும்போது அம்மா அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைப்பது அங்கிருந்தே தெரிந்தது. வேன் கிளம்பிவிட்டது.