சூசையப்பர் பார்த்த திசை

நெலிடாவுக்கு அந்த வீடு வேண்டும். பள்ளிப் பேருந்தை ஓட்டிக்கொண்டு போகிறவள், சிவப்பு விளக்கில் நிற்கும் அரை நிமிஷத்தில்கூட அந்த வீட்டுச் சமையலறைக்கு மஞ்சள் அடிக்கலாமா பச்சை அடிக்கலாமா என்று யோசிக்கிற அளவுக்கு வேண்டும். வீடு ஒன்றும் தூரத்தில் இல்லை, பக்கத்து வீடுதான். பிலடெல்பியாவில் ஆற்றை ஒட்டிய அந்தத் தெருவில் வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பவை. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நெலிடா பதினாலு வருஷமாக வாடகைக்கு இருக்கிறாள். அந்தப் பக்கம் காசிமிர் கிழவர் தும்மினால், இந்தப் பக்கம் அவள் கணவன் எஃப்ராயின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிராமல் "நூறாயுசு" என்பான். அவரும் அங்கிருந்தே நன்றி சொல்வார்.

காசிமிர் துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம் சரக்கு இறக்கியவர். மனைவி போனாள், பின்னாலேயே முழங்காலும் போயிற்று. "மாடிப்படி ஏறி விழுந்து வெக்காதீங்கப்பா, எங்களோட வந்து இருங்க" என்று டெலவேரில் இருக்கும் மகள் நச்சரித்து நச்சரித்து, இந்த வசந்தத்தில்தான் மனிதர் வழிக்கு வந்தார். வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது.

அன்றைக்கே போய் "நான் வாங்கிக்கறேன்" என்று நெலிடா சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. ஆனால் ஐந்து வருஷத்துக்கு முன்னால் தெருக்கோடியில் ஒரு வீட்டுக்கு ஆசைப்பட்டு, ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து, திரைச்சீலைத் துணிவரை எடுத்துவிட்டாள். கடைசி நேரத்தில் வங்கி கையை விரித்தது. உடனே தெருவே துக்கம் கேட்கக் கிளம்பி வந்தது, ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாட்டோடு. யாருமே சாகாத வீட்டில் மூன்று நாள் எழவுச் சாப்பாடு! அந்தப் பரிதாபப் பார்வையை இன்னொரு தடவை தாங்க முடியாது. அதனால் இந்த முறை பேருந்து ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்கு எழுதிப் போட்டுவிட்டு, பதில் கடிதம் கைக்கு வரும்வரை மூச்சு விடக் கூடாது என்று எஃப்ராயினிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

பலகை மாட்டிய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த காசிமிரின் கையில் ஒரு சாண் உயரத்துக்கு, ஏசுவை வளர்த்த தந்தை சூசையப்பரின் சொரூபம். வீடு சட்டென்று விற்க வேண்டுமானால் சூசையப்பரைத் தலைகீழாக மண்ணில் புதைக்க வேண்டும். அவர் முகம் விற்கிற வீட்டைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இது அந்தத் தெருவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மண்ணுக்குத்தான் பஞ்சம். கொல்லை முழுக்க சிமெண்ட். வருஷா வருஷம் தக்காளிச் செடி வைக்கிற பெயிண்ட் வாளி ஒன்றுதான் காசிமிரின் மொத்த விளைநிலம். அதில் குழி தோண்டி, கொல்லைக் கதவைப் பார்த்தாற்போல், பாதம் மட்டும் வெளியே தெரிய, சாமியைக் கவிழ்த்தார்.

கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த நெலிடா, கடிதம் வருவதற்குள் வீடு விற்றுவிடுமோ என்று பயந்தாள். கேட்டது என்னவோ வேறு.

"தலைகீழா எதுக்கு, டோன் காசிமிர்?" அவளுடைய ஸ்பானிஷ் பாஷையில் பெரியவர்கள் எல்லாரும் டோன்தான்.

"சௌகரியமா நிக்கவெச்சா வேலை செய்வாராக்கும்? தலைகீழா இருந்தாத்தான், எப்படா வெளிய வருவோம்னு அவரே ஆள் பிடிச்சுட்டு வருவார்."

"பாவம்யா சாமி."

"சாமிக்குப் பாவம் பாக்கற, என் முழங்காலுக்குப் பாக்க மாட்டேங்கற. போ பொண்ணு, துணியக் காயப்போடு."

சூசையப்பர் சுறுசுறுப்பான ஆள். மூன்றாம் நாளே ஒருவனைக் கூட்டிவந்துவிட்டார். பளபளக்கிற ஷூவும் கையில் அளவு நாடாவுமாக வந்த அவனை அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். சாம்பல்காரன் என்று பெயர். வீடுகளை வாங்குவான், உள்ளே இடிப்பான், வெளியே சாம்பல் நிறம் அடிப்பான், இரண்டு மடங்குக்கு விற்றுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். அடுத்த தெருவில் நாலு வீட்டுக்கு ஏற்கெனவே சாம்பல் பூசியாகிவிட்டது. காசிமிரின் வீட்டுக்குள் முக்கால் மணி நேரம் இருந்தான். சுவரில் காதை வைத்துக் கேட்ட நெலிடாவுக்கு நாடா இழுக்கிற சத்தம்தான் கேட்டது. காசிமிர் சொன்ன விலைக்கு அவன் படியவில்லை, யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனான். அவன் யோசித்து முடிப்பதற்குள் கடிதம் வருமா?

மறுநாள் காசிமிர் முழங்காலைக் காட்ட மருத்துவரிடம் போன நேரம். நெலிடா வேலிக்கம்பிக்கு மேல் எட்டினாள். சாமியை வெளியே எடுத்துவிட மனசு துடித்தது, கைதான் துணியவில்லை. புதைத்த சாமியைத் திருடுகிறவளுக்கு எந்த நரகமோ! அதனால் வாளியின் விளிம்பைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. ரெண்டே ரெண்டு வாரம். அந்த வீட்டப் பாக்காதீங்க, போதும்."

சாமி சொன்ன பேச்சைக் கேட்டார். பதினோரு நாள் காசிமிரின் கதவை ஒரு ஈ காக்கைகூடத் தட்டவில்லை. "ஆள் தூங்கிட்டார் போல" என்று கிழவர் வாளியை முறைத்தார். நெலிடா வாளி விஷயத்தை எஃப்ராயின் காதில் மட்டும் போட்டுவிட்டு, நிம்மதியாகத் துவரைச் சோறு சமைத்து, கிழவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் அவளுடைய ஹவுஸ் ஓனர் பிரானிகன் வந்தார். ஈயப் பைப்பை மாற்றச் சொல்லி மூன்று வருஷம் கூப்பிட்டும் வராத மனிதர், கூப்பிடாமலே வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டபோதே அவளுக்குச் சரியாகப் படவில்லை. வீட்டை விற்றுவிட்டாராம். சாம்பல்காரனுக்காம். நல்ல விலையாம். அறுபது நாளில் காலி செய்ய வேண்டுமாம்.

அவர் போனபிறகு எஃப்ராயின் சமையலறை ஜன்னலில் நின்று வெகுநேரம் கொல்லையைப் பார்த்தான்.

"நெலி, நீ சாமிகிட்ட என்ன சொன்ன?"

"அந்த வீட்டப் பாக்காதீங்கன்னேன்."

"சரி. எந்த வீட்டப் பாக்கச் சொன்ன?"

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். வாளியில் சூசையப்பரின் கால்விரல்கள் நூல் பிடித்த மாதிரி தங்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன.

"அட கடவுளே."

"அவர் மேல தப்பில்ல. பாக்கச் சொன்ன வீட்ட வித்துக் குடுத்துட்டார்" என்றான் எஃப்ராயின். சொல்லிவிட்டுச் சிரித்தான். நெலிடாவும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. பதினாலு வருஷம் இருந்த இடமும் போய், ஆசைப்பட்ட இடமும் போய், இந்தத் தெருவை விட்டே போக வேண்டிவருமோ என்று நிஜமாகவே பயந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நல்ல நேரத்துல வந்த" என்றார் காசிமிர். "சாம்பல்காரன் போன் பண்ணான். உன் ஓனர் வீட்ட வாங்கிட்டானாம். என்னோடதும் சேந்தா நடுச்சுவர இடிச்சு ஒரே வீடாக்கிருவானாம். நான் சொன்ன விலையே தர்றானாம். வெள்ளிக்கிழமை கையெழுத்து."

"கையெழுத்துப் போடாதீங்க, டோன் காசிமிர். உங்க வீடு எனக்கு வேணும்."

அணை உடைந்த மாதிரி அத்தனையும் கொட்டிவிட்டாள். கூட்டுறவுச் சங்கம், கடிதம், வாளி. வாளி என்று கேட்டதும் கிழவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, இருமல் வருகிறவரை சிரித்தார்.

"நல்ல வேளை, சர்ச் பக்கம் திருப்பாம விட்டியே! பாதிரியாரு நடுத்தெருவுல நின்னிருப்பாரு." சிரிப்பு ஓய்ந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, பதினாலு வருஷமா சுவருக்கு அந்தாண்ட இருக்க. என் தும்மலுக்குக்கூடப் பதில் சொல்றீங்க. இத ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாய் வரல?"

"வெக்கமா இருந்துச்சு. இந்தத் தடவையும் இல்லன்னு வந்தா, மறுபடியும் எல்லாரும் பாத்திரத்தத் தூக்கிட்டு வருவீங்க."

"ஏன், நான் கொண்டாந்த பியரோகிக் கொழுக்கட்டை நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அதனாலதான் இன்னும் அழுகையா வந்துச்சு."

காசிமிர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "மாசக் கடைசி வரைக்கும் அவன இழுத்தடிக்கறேன். அதுக்கு மேல என் மக என்ன உயிரோட விட மாட்டா."

"வேற யாருக்கும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்?"

ஒரு மணி நேரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அதிலிருந்து நெலிடாவால் பேருந்துச் சாவியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டைத் தாண்ட முடியவில்லை. "வந்துச்சா?" என்று எதிர்வீட்டு ரெஜினா கேட்பாள். முடிதிருத்தக்காரர் கத்திரியோடு வெளியே வந்து கேட்பார். தபால்காரி வெர்னெட்டா அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே "இல்லம்மா, இன்னிக்கும் இல்ல!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குத் தபால் போடுவாள். எந்தப் பார்வைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தாளோ, அத்தனை பார்வையும் இப்போது அவள்மேல்தான். ஆனால் பயந்த அளவுக்கு அது கசக்கவில்லை. இரவு படுக்கும்போது, தன்னோடு சேர்ந்து ஒரு தெருவே காத்திருக்கிறது என்று நினைத்தால் தூக்கம்கூட வந்தது.

மாசக் கடைசி நாள். மத்தியானம் வேலை முடிந்து வந்த நெலிடாவுக்கு முன்னால் வெர்னெட்டா நின்றாள். குரல் கொடுக்கவில்லை. பையை இறக்கிவைத்துவிட்டு ஒரே ஒரு உறையை நீட்டினாள்.

"சங்கத்துலேந்து. பிரி. இங்கியே பிரி. நீ பிரிக்காம நான் அடுத்த வீட்டுக்குப் போக மாட்டேன்."

படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். வேலை பார்க்கும் டயர் கடையிலிருந்து கரிக்கையோடு எஃப்ராயின் ஓடிவந்தான். நெலிடா உறையை மூலையோடு பிய்த்தாள். முதல் வரியைப் படித்தாள். இரண்டாம் வரியைப் படித்தாள். மறுபடியும் முதல் வரிக்குப் போனாள். கிட்டத்தில் இருந்த கல்படியில் தொப்பென்று உட்கார்ந்து, கடிதத்தை முகத்தில் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள்.

ரெஜினா பாத்திரம் எடுக்கத் தன் வீட்டுச் சமையலறைப் பக்கம் நகர ஆரம்பித்துவிட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து கைத்தடியோடு காசிமிர் வெளியே வந்தார். கைத்தடியால் படியைத் தட்டி அதட்டினார்.

"ஏய் பொண்ணு, அழணும்னா உன் வீட்டுப் படியில போய் உக்காந்து அழு. இது என் படி."

நெலிடா கடிதத்தை முகத்திலிருந்து எடுத்தாள். மூக்கை உறிஞ்சினாள். படியை விட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"என் வீட்டுப் படியிலதான் உக்காந்திருக்கேன், டோன் காசிமிர்" என்றாள்.