ஒரு ‘தே’ குறைகிறது

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செர்டாங்கில் மீரா சாகிபு தேநீர்க் கடையில் (எங்கள் ஊர்ப் பேச்சில் தேநீர் ‘தே’), ஒரே வாரத்தில், ஓர் அக்காவும் தம்பியும் தனித்தனியாக வந்து என் எதிரில் உட்கார்ந்தார்கள். “எங்க கதைய எழுதுங்கண்ணே” என்றார்கள். அவர்கள் ஒருவரோடொருவர் பேசி இரண்டு மாதமாகிறது. கேட்டது ஒரே கதைதான். முடிவு மட்டும் வேறு வேறு.

[உலகமே உற்றுநோக்கும் அந்த மாபெரும் அரங்கில், மலேசியக் கொடி மெல்ல மெல்ல…]

சீ, வேண்டாம். அந்த அரங்குவரை இவர்கள் போகவேயில்லை. அதுதானே கதை.

2

ஒலிம்பிக்கில் இடம் கிடைக்காத விளையாட்டுகளுக்கென்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை உலக விளையாட்டுப் போட்டி நடக்கிறது. கயிறு இழுத்தலும் அதில் உண்டு. (ஒரு காலத்தில் இது ஒலிம்பிக்கிலேயே இருந்ததாம். நூறு வருடத்துக்கு முன்னால் கழற்றிவிட்டார்கள். எனக்கென்னவோ கழற்றிவிடப்பட்டவர்களின் பந்திதான் பிடித்திருக்கிறது.)

தம்பி சசிதரன் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவன். எட்டுப் பேர் இழுக்கும் கயிற்றில் கடைசி ஆள். கயிறு அவன் அக்குளில் நுழைந்து முதுகைக் கடந்து தோள்மேல் வரும். முடிச்சுப் போடக் கூடாது. அவன் விட்டால் எல்லாம் போச்சு.

அக்கா புஷ்பவள்ளிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கயிற்றோரம் நின்று குழுவுக்குக் குரல் கொடுப்பவள் அவள்தான். தமிழில்தான் கத்துவாள். எதிரணிக்குப் புரியக் கூடாதல்லவா?

3

அலோர் ஸ்டாரில் தேர்வுப் போட்டி. ஜெயிக்கிற குழு நாட்டுக்காகப் போகும். ஒன்றுக்கு ஒன்று என்றிருந்தது. மூன்றாவது இழுப்பில் கயிறு அரையடி நம் பக்கம் வந்துவிட்டது. சசிதரனின் வலது தோள் போன வருடம் குலை வெட்டும்போது ஒருமுறை இறங்கிய தோள். அது மறுபடி நழுவுவதைப் புஷ்பவள்ளி பார்த்தாள். கத்தினாள்.

இங்கேதான் கொஞ்சம் இலக்கணம் தேவைப்படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். விட்டுவிடாதே என்பதை எங்கள் ஊரில் ‘வுட்டுராதே’ என்போம். அதன் வாலான ‘தே’யை நறுக்கினால் ‘வுட்டுரா’. அதாவது, விட்டுவிடடா. ஓரெழுத்து குறைந்தால் சொல்லே தலைகீழ்.

சசிதரன் விட்டான். ஏழு பேரும் குப்புற விழுந்து இழுபட்டுப் போனார்கள்.

“அக்காதான் வுடச் சொன்னிச்சு” என்றான் அவன், எல்லார் முன்னாலும்.

“அடப்பாவி! நான் வுட்டுராதேன்னுதானடா கத்துனேன்!” என்றாள் அவள்.

அதுதான் கடைசிப் பேச்சு.

4

[முடிவு அ: அக்கா சொன்னது ‘வுட்டுராதே’.]

இது சசிதரன் எழுதச் சொன்ன முடிவு. “அப்படியே எழுதிருங்கண்ணே. தோளு வலிச்சிச்சு, நானாத்தான் வுட்டுட்டேன். ஓகே லா?”

“உன் காதுல என்ன விழுந்துச்சு?”

“அத ஏண்ணே நோண்டுறீங்க. இனிமே போட்டியா திரும்பி வரப்போவுது? அக்கா பேராச்சும் கெடாம இருக்கட்டும்.”

[முடிவு ஆ: அக்கா சொன்னது ‘வுட்டுரா’.]

இது புஷ்பவள்ளி எழுதச் சொன்ன முடிவு. “நான்தான் வுடச் சொன்னேன்னு எழுதுங்க. ஊரு என்னையத் திட்டட்டும். அவன் அந்த ஏழு பேரு மூஞ்சியிலயும் முழிக்கணுமில்ல?”

“நெசமா என்ன சொன்னீங்க?”

அவள் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். “அவன் தோளப் பாத்தேன்ணே. வாயி என்னா சொல்லிச்சுன்னு எனக்கே இப்ப தெரியல.”

இருவருமே இவ்வளவு நல்லவர்களாக இருந்தால் நீங்கள் நம்புவீர்களா? நான் நம்ப மாட்டேன். ஆகவே இதையும் சொல்கிறேன்: எழுந்து போகும்போது இருவருமே, “ஆனா மொதல்ல அங்கேருந்து வந்து பேசட்டும்” என்றார்கள். வீம்பில் அச்சு அசல் உடன்பிறப்புகள்தான்.

5

இதை அடிக்குறிப்பில் போட்டு ஒளித்துவிடலாம் என்றிருந்தேன். மனம் கேட்கவில்லை.

அன்று திடலோரத்தில் உறுமி அடித்தவன் நான். மச்சானிடம் இரவல் வாங்கிய உறுமி. கயிறு நம் பக்கம் வந்த சந்தோஷத்தில், அவள் வாய் திறந்த நேரம் பார்த்து ஓங்கி ஒரு அடி அடித்தேன். ‘வுட்டுரா’ எனக்கும் கேட்டது. அதற்கப்புறம் ஓரெழுத்து இருந்ததா என்பது என் சத்தத்துக்கு அடியில் போய்விட்டது.

நான் அடித்தது இருவருக்கும் தெரியும். ஆனால் ஆளையாள் சந்தேகிக்கவே நேரம் போதாதவர்களுக்கு மேளத்தைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. எனக்கு அன்றைக்கே தோன்றியது. வெட்கமாக இருந்தது. இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேருடைய கதையையும் கேட்டு, தலையை வேறு ஆட்டினேன்.

6

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரை வரச் சொல்லியிருந்தேன். வந்துவிட்டார்கள். எழுந்து போகவும் முடியாமல், நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மீரா சாகிபு கோப்பைகளைக் கொண்டுவந்து வைக்கிறார். மூன்று பேருக்கு இரண்டு.

“பாய், ஒரு தே கொறையுது லா” என்கிறாள் புஷ்பவள்ளி.

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டதுபோல் நிறுத்துகிறாள். சசிதரன் தலையை நிமிர்த்துகிறான்.

இந்தத் தாள்களில் ஐந்தாம் பகுதியை மேலே எடுத்து இருவருக்கும் நடுவில் வைக்கிறேன். குனிந்து படிக்கிறார்கள். படித்து முடித்ததும் யாராவது வாய் திறப்பார்கள். என்னைத் திட்டலாம். ஆளையாள் கூப்பிடலாம். எழுந்தும் போகலாம்.

அதை நான் எழுதப்போவதில்லை. இன்று என் கையில் உறுமி இல்லை. கடைசி எழுத்துவரை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.