கம்பிவேலிக்கு இரண்டு பக்கமும்

பத்தடிக்கு ஒரு குவியலாகக் கல்தூளை வரிசையாகக் கொட்டி வைப்பது ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டிக்காரர்களின் வழக்கம். எண்ணிப் பார்த்தாலே எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். முப்பது குவியல் தாண்டிவிட்டது. முதல் நாலு செம்மண், அப்புறம் பொலபொலவென்று உதிரும் கல், அதற்கப்புறம் எல்லாம் வெறும் சாம்பல் நிறப் புழுதி. கிளை நறுக்கிக் கவாத்து முடிந்து ஒன்பது நாளான என் திராட்சைக் கொடிகள் பந்தலில் காய்ந்து கிடந்தன. இந்த வாரம் தண்ணீர் காட்டாவிட்டால் மொட்டு வெடிக்காது. இந்த வருஷம் அவ்வளவுதான்.

என் கொழுந்தன் சுருளியாண்டியின் போர், நான் போர் போடும் இடத்திலிருந்து இருபது தப்படி. நடுவில் கம்பிவேலி. பாகம் பிரித்ததிலிருந்து மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. என் கிணறு வற்றியதும் ஆள் விட்டுக் கேட்டேன். "எந்தண்ணிய நான் எதுக்குக் குடுக்கணும்?" என்று சொல்லி அனுப்பினார். எனக்கும் ரோஷம் இருக்காதா? நீரோட்டம் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி, "ஒனக்குத் தனியா ஒரு ஆறு ஓடுது ஆத்தா" என்றார். அதை நம்பினேன். நம்பிவிட்டு, போர் போட வேலியோரத்தையே காட்டினேன். கொழுந்தனுக்குத் தண்ணீர் வந்த இடத்தில் எனக்கும் வரும் என்று என் புத்தி சொன்னது.

தூளோடு வந்த ஒரு சில்லை எடுத்துக் கடித்தே பார்த்தேன். இந்தக் கல்லுக்குள் தண்ணீர் எங்கே உட்கார்ந்திருக்கும்? டிரைவர் மதன்குமாரிடம் கேட்டுவிட்டேன்.

"கீழ ஆறு கொளமெல்லாம் கெடையாதுங்க்கா. பாறையில வெடிப்பு இருக்கும். பேயுற மழை மேல இருக்குற உதிரிக்கல்லுல ஊறி, கசிஞ்சு கசிஞ்சு அந்த வெடிப்புல போயி நிக்கும். அதுல பட்டாத் தண்ணி, படலைன்னாப் புழுதி."

"வெடிப்பு எம்புட்டுத் தூரம் போகும்?"

"அது யாருக்குங்க தெரியும்?"

முப்பத்திநாலாவது குவியல் ஈரமாக விழுந்தது. சாமி என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அதே நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் புஸ்ஸென்று சத்தம். சுருளியாண்டியின் போர்க்குழாய் வாயிலிருந்து காற்றும் சாம்பல் தண்ணீரும் பீச்சியடித்தன. தூளை மேலே தள்ள எங்கள் கம்ப்ரசர் இங்கே அழுத்திய காற்று அங்கே போய் வெளியேறியது. தனி ஆறாம்! ஒரே இளநீரில் இரண்டு துளை போட்டு வைத்திருக்கிறோம்.

சுருளியாண்டி ஓடி வந்தார். "எம்போரக் கெடுக்கவா பாக்குறீக?" என்று கத்தினார். கத்திக்கொண்டே தன் குழாயிலிருந்து கையில் தெறித்திருந்த சேற்றைப் பார்த்தார், என் பக்கத்துக் கடைசிக் குவியலைப் பார்த்தார். இரண்டும் ஒரே நிறம். சத்தம் தானாக அடங்கிவிட்டது.

மதன்குமார் என் காதருகே குனிந்தான். "இன்னொரு நூறடி எறக்குனா அங்க இருக்குறது இங்க வந்துருமுங்க்கா. எறக்கட்டுங்களா?"

சரி என்று வாய்வரை வந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது, ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் இறக்கினால் அவர் மோட்டாரை இன்னும் கீழே இறக்குவார், மறுபடி நானும் இறக்குவேன், அப்புறம்? அந்த வெடிப்புக்கு அடி என்று ஒன்று இருக்குமே.

"கம்ப்ரசர நிறுத்துங்க தம்பி."

தோட்டம் அமைதியானது. சுருளியாண்டி தன் குழாயில் காதை வைத்தார்.

"மதினி, இங்கன வந்து கேளுங்க."

வேலியின் கீழ்க்கம்பியைக் காலால் மிதித்து, மேல்கம்பியைக் கையால் தூக்கிப் பிடித்தார். சேலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து நுழைந்தேன். முன்னால் அவர் குழாயில் குபுக் குபுக்கென்று தண்ணீர் கூடும் சத்தம். முதுகுக்குப் பின்னால் என் போரிலும் அதே சத்தம்.