குடுவையைச் சரிபார்க்கவும்

என் அக்கா எவாஞ்சலினுக்கு அம்பத்தூரில் வேலை. வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் மெஷின் செய்கிற கம்பெனி. இன்ஜினியர்கள் எழுதித் தரும் கரடுமுரடான குறிப்புகளை அவள் சாதாரண ஆட்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும். நன்றாகவே எழுதுவாள், அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அச்சுக்குப் போகுமுன், மெஷினைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் அதைப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். அவள் வெளியே யாரையும் தேடவில்லை. திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டிலேயே அப்பா இருந்தாரே. சர்ச்சில் ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவர். அக்காவின் தாள்களையும் அதே கணீர்க் குரலில், ஓரிடத்திலும் தடுக்காமல் வாசித்து முடித்தார்.

"புரிஞ்சுதாப்பா?"

"சூப்பரா கீதும்மா."

அக்காவுக்கு வாயெல்லாம் பல். "எதுக்கும் ஒரு கேள்வி கேட்டுப் பாரேன்க்கா" என்றேன்.

"எனக்கே பரீட்சையாடா?" என்று அப்பா முறைத்தார். அதோடு விட்டுவிட்டோம்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு நுரையீரல் மோசமாகி, அதே மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒருநாள் நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தபோது மெஷின் கத்தியது. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அப்பா பதறிப்போய், மெஷினோடு வந்திருந்த அக்காவின் புத்தகத்தைப் புரட்டினார். 'காற்று குறைந்தால் குடுவையைச் சரிபார்க்கவும்.' காற்றை ஈரமாக்க மெஷினில் மாட்டியிருந்த குடுவையில் தண்ணீர் அளவாகத்தான் இருந்தது. மறுபடி வாசித்தார். மறுபடியும் தண்ணீரைப் பார்த்தார்.

ஆம்புலன்சில் வந்தவர், காற்று கசியும்படி தளர்ந்திருந்த குடுவையின் மூடியை ஒரு திருகு திருகினார், காற்று வந்தது. அதற்குள் அம்மாவுக்கு நினைவு தப்பியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை. மூடியை இறுக்கச் சொல்லி இன்ஜினியர் நீளமாக எழுதியிருந்த வரியைத்தான் அக்கா அழகாகச் சுருக்கியிருந்தாள்.

அடக்கம் முடிந்ததும் அக்கா வாய்விட்டே கேட்டாள். "புரிஞ்சுதுன்னு சொன்னியேப்பா?"

"நீ எய்தினதாச்சேம்மா. என் பொண்ணு எய்தினது புரியலன்னு எப்பிடி சொல்லுவேன்?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அது யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அக்கா அந்த வரியை மாற்றி எழுதி, மறுபடி அப்பாவிடமே கொண்டுவந்தாள். 'காற்று குறைந்தால் மூடியை வலப்பக்கமாக இறுகத் திருகவும்.' அப்பா தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த மூடிம்மா?" என்றார் மெதுவாக. "மெஷின்ல ரெண்டு மூடி கீதே."

அக்கா தலைகுனிந்து அதைக் குறித்துக்கொண்டாள். இப்படி ஒரே ஒரு கேள்வி அன்றைக்கு வந்திருந்தால், எங்கள் அம்மா உயிரோடு இருந்திருப்பாள்.