கட்டிலடியில் சாம்பல் இல்லை

அன்னபாக்கியம் வெற்றிலைத் தட்டத்தில் இருந்த சுருட்டுக் கட்டை எடுத்துக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். பந்தலில் இருந்த ஆம்பிளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"செத்தவீட்டுக்கு வாற சனத்துக்குச் சுருட்டு வைக்காட்டி என்ன மாதிரி, அன்னமக்கா?" என்றார் பக்கத்துக் காணிச் செல்வராசா.

"சுருட்டாலை செத்த மனுசன்ரை வீட்டிலை வெத்திலையே காணும். பத்த வேணுமெண்டால் வாய்க்கால் வரம்பிலை போய் நிண்டு பத்துங்கோ."

ஏழு மாதமாக அந்த வீட்டுக்குள் ஒரு சுருட்டையும் விடாத மனுசி என்று முத்தையன்கட்டு முழுக்கத் தெரியும்.

உள்ளே, தில்லைநாதனைக் குளிப்பாட்டி, வேட்டி உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவருடைய அக்கா பத்மாசனி இருந்தா. நேற்றிலிருந்து அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. பெண்சாதிக்குக் கால்மாடுதான் மிஞ்சியது. செத்த பிறகும் இப்படித்தானா என்று அன்னபாக்கியத்துக்கு நெஞ்சு எரிந்தது.

வெளியே போகப் பாஸ் எடுத்து வவுனியா தாண்டிப் போய்க் காட்டியபோது, நெஞ்சிலே புற்று என்றார் டொக்டர். திரும்பி வந்த கிழமை மிட்வைஃப் சாரங்கா சைக்கிளில் ஒரு படத்தைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்தாள். புகையிலை தின்ற நெஞ்சின் படம்.

"பாத்திட்டுத் தாங்கோ மாமா. இந்தப் பக்கத்துக்கெல்லாம் இது ஒண்டுதான். புகையிலைக் கேடு சொல்லவெண்டு காசு ஒதுக்கேல்லையாம், வேறை அச்சடிக்க மாட்டினமாம். அடுத்த வீட்டுக்கும் காட்டவேணும்."

தில்லைநாதன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ரை நெஞ்சு இதைவிட வடிவாய் இருக்கும், பிள்ளை" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. படத்தின் மேலேயே கையை வைத்து, "அன்னம், இனித் தொடமாட்டன்" என்றார்.

அன்னபாக்கியம் நம்பவில்லை. எப்படி நம்புவது? நாலு மணியானால் மச்சாள் பத்மாசனி வாய்க்காலைத் தாண்டி வந்துவிடுவா. பழைய பெண்டுகளைப் போல சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் பத்துகிறவா. வந்து கட்டிலோடு ஒட்டியிருந்து குசுகுசுத்தால், நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக் கிடந்த மனுசனின் முகம் மலர்ந்துவிடும். அவா போனபின் அறையெல்லாம் சுருட்டு மணக்கும். அன்னபாக்கியம் விளக்குமாற்றோடு போய்க் கட்டிலடியில் சாம்பல் தேடுவாள். ஒரு நாளும் இருந்ததில்லை. கள்ளி, சாம்பலையும் அள்ளிக்கொண்டு போகிறாள் என்று நினைப்பாள். அதைச் சந்தையிலும் நாலு பேருக்குச் சொல்லிவிட்டாள்.

நேற்று விடிய அவர் கண்ணைத் திறந்து, "அக்கா வந்திட்டாவே?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். ஏழு மாதம் பீ மூத்திரம் அள்ளியவள் பக்கத்தில் நிற்கிறாள். அவரிடமிருந்து பறித்துக் குசினிக் கூரையில் ஒளித்துவைத்த சுருட்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, அடுப்பில் பற்றவைத்து அவர் உதட்டில் வைத்தாள்.

"இந்தாங்கோ. அவா தந்தால்தான் இனிக்குமோ?"

அவர் சுருட்டைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். ஒரு தரம் இழுத்தார். இருமல் பிடித்தது. இருமலுக்கிடையிலும் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கனகாலத்துக்குப் பிறகு அந்தப் பார்வை தனக்கு வந்ததென்று அவளுக்கு உள்ளூர ஒரு வெற்றி. வெயில் முற்றத்துக்கு வருமுன் மூச்சு நின்றுவிட்டது. மிச்சத் துண்டை அணைத்து இடுப்பில் செருகியவள், இன்னும் எறியவில்லை. போகவர விரல் அதிலேயே போய் நின்றது.

வாய்க்கரிசி போட வந்த செல்வராசா மனதில் கிடந்ததை மறைக்கவில்லை.

"பத்மாசனியக்கா, நீங்கள் ஒளிச்சு ஒளிச்சுக் குடுத்துத்தான் கெதியாய் முடிஞ்சதெண்டு சனம் கதைக்குது."

பத்மாசனி நிமிர்ந்து பார்த்தா. கோபம் வரவில்லை.

"நான் ஒண்டும் குடுக்கேல்லை, தம்பி. முதல் நாள் கொண்டுவந்தனான்தான். வேண்டாமெண்டிட்டான். 'அன்னத்துக்குச் சொல்லிப்போட்டன் அக்கா. நீ பத்திப்போட்டு வந்து கிட்ட இருந்து கதை, எனக்கு அந்த மணமே காணும்' எண்டவன். அதுக்குத்தான் ஒவ்வொரு நாளும் வந்தனான்."

அன்னபாக்கியம் கையிலிருந்த அரிசி பாயில் சிந்தியது. யாரோ அதைக் கூட்டி அள்ளினார்கள்.

பாடையைத் தூக்கினார்கள். மகன் சுஜிதன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனான். பெண்கள் ஒப்பாரியோடு வாசல் படலை வரை வந்து நின்றார்கள். பத்மாசனி மச்சாள் முறை எல்லாம் மறந்து, அன்னபாக்கியத்தின் இரண்டு கையையும் பிடித்தா.

"நீயெண்டபடியால் அவனைக் காத்தாய், அன்னம். ஒரு சொட்டுப் புகை விடேல்லை நீ" என்று அழுதபடி, அந்தக் கைகளை முகத்தில் ஒற்றினா.

ஒற்றிய முகம் அப்படியே நின்றது. ஐம்பது வருசமாகச் சுருட்டு மணம் அறிந்த மூக்கு.

அன்னபாக்கியம் கையை இழுக்கப் பார்த்தாள். மச்சாள் விடவில்லை. தன் முந்தானையை எடுத்து, அவளுடைய வலது கைவிரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினா. வாய்க்கால் வரம்பில் பறைச்சத்தம் தூரமாகிக்கொண்டிருந்தது.