அத்தைக்கு விழுந்த சீட்டு

காதுத் தோடுகள் கழன்று விட்டன. இடுப்புத் துணியை அவிழ்த்தாயிற்று. பூசாரி மணிக்கட்டில் கட்டிவிட்டிருந்த சிவப்பு நூலை ராஜ்கலா பல்லால் கடித்து அறுத்தாள். நெருப்புக்குப் போகிற உடம்பில் ஒரு முடிச்சும் மிஞ்சக் கூடாது.

முற்றத்துத் துளசி மாடத்தருகே இரண்டு பெண்கள் போர்வையை விரித்து மறைப்பாகப் பிடித்திருந்தார்கள். உள்ளே பிணத்துக்குத் தண்ணீர் ஊற்றியவள் மருமகள் பிஷ்ணா. கழுவியவள் மகள் ராஜ்கலா, மலைக்கு அந்தப் புறம் வாழ்க்கைப்பட்டவள், விடியும்போதே ஓடி வந்துவிட்டாள்.

"இன்னொன்னு பாக்கி இருக்கு" என்றாள் ராஜ்கலா.

"எது அண்ணி?"

"தெரியாத மாதிரி கேக்காதே. ஆஸ்பத்திரிக்காரங்க உள்ள வச்சுவிட்டாங்களே, ரப்பர் வளையம். அதோடவா அனுப்புறது?"

பிஷ்ணா குனிந்து செம்பில் மறுபடி தண்ணீர் மொண்டாள். அந்த வளையம் அத்தையிடம் இல்லை. பிஷ்ணாவின் வயிற்றுக்குள் இருந்தது.

போன வருடம் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். கர்ப்பப்பை கீழே இறங்கிய பெண்களுக்கு அதை உள்ளிருந்து தாங்குகிற வளையம் நல்லதா, உடற்பயிற்சி நல்லதா என்று பார்க்கிற ஆராய்ச்சி. இந்த மலையில் அதற்கு ஆளா பஞ்சம்? பிள்ளை பெற்ற ஈரம் காயுமுன் எருக்கூடையை முதுகில் ஏற்றினால் இறங்காமல் என்ன செய்யும்! மாமியார் ஜசுதாவும் மருமகள் பிஷ்ணாவும் ஒன்றாகப் போய் நின்றார்கள். யாருக்கு எது என்பதை டாக்டர்கள் சொல்லவில்லை, ஒட்டிய உறையில் இருந்த சீட்டு சொன்னது. மாமியாருக்கு வளையம், மருமகளுக்குப் பயிற்சி.

திரும்பி வருகிற வழியிலேயே ஜசுதா சிரித்தாள். "நல்ல சீட்டுடி! மூட்டை தூக்குறவ மூச்சப் புடிச்சு சுருக்கணுமாம், உக்காந்து புல்லறுக்குற கெழவிக்கு வளையமாம். சீட்டுக்குக் கண்ணா இருக்கு?" அன்றே அதை வெந்நீரில் கழுவி மருமகளிடம் கொடுத்துவிட்டாள். சிஸ்டர் பார்க்க வருகிற நாள்களில் மட்டும் வாங்கி மாட்டிக்கொள்வாள். ஒரு சால்வையை இரண்டு பேர் போர்த்திக்கொள்கிற வீடு. அவளுக்கு இதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

மாமியாருக்கு அளவெடுத்தது என்பதால் பிஷ்ணாவுக்கு அது கொஞ்சம் தளர்வு. தும்மினால் இறங்கும். தேம்பி அழுதால் விழுந்தே விடும். நேற்று சரிவில் புல்லுக்கட்டோடு சாய்ந்த அத்தையைத் தூக்கி வந்ததிலிருந்து அவள் அழுகையைப் பல்லுக்குள் கடித்து வைத்திருந்தாள். அவளுக்கு அத்தை என்றால் உயிர்.

ராஜ்கலா உள்ளே தேடிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

"இல்லையே!"

போர்வை பிடித்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மேல ஏறிடுச்சு" என்றாள் ராஜ்கலா. "நெஞ்சுக்கு ஏறி அடச்சிருக்கு. அதான் பொசுக்குனு போயிட்டா. ஆராய்ச்சியாம் ஆராய்ச்சி! எங்கம்மாவை எலியாட்டம் வச்சு சோதிச்சுக் கொன்னுட்டாங்க!"

பிஷ்ணா வாயைத் திறந்தாள். அதற்குள் சங்கு ஊதிவிட்டார்கள். அவள் புருஷன் சிம்லாவில் மூட்டை சுமக்கிறவன், வந்து சேரவில்லை. கொழுந்தன்தான் கொள்ளி வைக்கிறவன். மஞ்சள் துணி சுற்றி, பச்சை மூங்கிலில் கட்டி, ஆண்கள் பேரி ஆற்றுப் பக்கம் இறங்கினார்கள். பெண்களுக்கு அங்கே வேலை இல்லை.

முற்றத்தை மெழுக உட்கார்ந்தவர்கள் மெழுகவில்லை. "எனக்கும் வச்சிருக்காங்க, இன்னிக்கே பிடுங்கி எறிஞ்சுடறேன்" என்றாள் பக்கத்து வீட்டு தௌலி. "இத்தனை நாள் நிம்மதியா நடந்தேன், கெட்ட காலம்." கீழ் வீட்டுக்காரியும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

பிஷ்ணா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் மாமியார் பொருளை அபகரித்தவள் என்று பேர் வரும், வளையமும் போய்விடும். சொல்லாவிட்டால் ஊர்ப் பெண்கள் எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழையபடி காலை அகட்டி நடப்பார்கள். அதற்கும் அடியில் இன்னொன்று அரித்தது. வளையம் கொன்றிருக்க முடியாது, அது அவளுக்கே தெரியும். வளையம் இல்லாததுதான் கொன்றதோ? எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் செத்தாளோ? எதை எதோடு முடிச்சுப் போடுவது என்றே அவளுக்குப் புரியவில்லை.

சேதி கேட்டு சிஸ்டர் அம்பிகா மூச்சிரைக்க மேலேறி வந்தாள். ஆராய்ச்சியில் இருக்கிறவர் இறந்தால் அவள் விசாரிக்க வேண்டும். ராஜ்கலா அவளை வாசலிலேயே மறித்தாள்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தே? உன் வளையம் எங்கம்மா நெஞ்சுக்குள்ள இருக்கு. போய் ஆத்தங்கரையில தேடு!"

"மேல போக வழியே கிடையாதுக்கா..."

"வழி இல்லாமத்தான் காணாமப் போச்சா?"

"அத்தைகிட்ட இல்ல" என்றாள் பிஷ்ணா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "எங்கிட்ட இருக்கு."

தௌலி எடுத்த அடியை வைக்காமல் நின்றாள்.

"எப்பலேர்ந்து?" என்றாள் அம்பிகா.

"முகாம் அன்னிலேர்ந்து."

அம்பிகா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி! தொந்தரவே இல்லேன்னு நீ சொன்னதை வச்சு, உனக்குப் பயிற்சியிலேயே குணமாயிடுச்சுன்னு டாக்டருங்க சந்தோஷப்பட்டாங்களே!"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பிஷ்ணாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "சிஸ்டர், அது இல்லாததாலயா அத்தை செத்துப்போனாங்க?"

"இறங்கினதால யாரும் இப்படித் திடீர்னு போகமாட்டாங்கடி. நெஞ்சுதான் நின்னிருக்கும்னு நினைக்கிறேன்" என்றாள் அம்பிகா. பிறகு, "டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்."

அந்தப் பதில் பிஷ்ணாவுக்குப் போதவில்லை. உதடு கோணியது. அடிவயிற்றிலிருந்து தேம்பல் கிளம்பிற்று. இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிக்கொண்டு குனிந்தாள்.

ராஜ்கலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் வந்து பிஷ்ணாவின் தோளைப் பிடித்து உள்ளே நடத்திக்கொண்டு போனாள். பாயை உதறி விரித்தாள்.

"நின்னுக்கிட்டு அழாதே. மல்லாந்து படு. காலைச் செவுத்துல தூக்கி வச்சுக்கோ. அப்ப எவ்வளவு அழுதாலும் இறங்காது."

வாசலில் நின்ற அம்பிகா ராஜ்கலாவைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு இறங்கி எத்தனை வருஷமாச்சு அக்கா?"

ராஜ்கலா பிஷ்ணாவின் பாதங்களைப் பிடித்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.